கர்னல் முட்டவில்லை

எங்கள் ஊரில் ஒரு செய்தி உண்மையாவதற்கு மூன்று பேர் சொன்னால் போதும். அந்த மூவரில் க்வெண்டா ஒருவர் என்றால் மற்ற இருவருக்கு வேலையே இல்லை. நான்ட்கரெக் காட்டில் மலைச் சைக்கிள் தடம் தொடங்குகிற இடத்தில் காப்பிக்கடை வைத்திருப்பவர் அவர். செப்டம்பர் மாதத்து ஈரமான வெள்ளிக்கிழமை ஒன்றில், சூப் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். க்வெண்டா குரலைத் தாழ்த்தினால் பக்கத்து மூன்று மேஜைக்கு நன்றாகக் கேட்கும்.

"கேள்விப்பட்டியா கண்ணு? மம்மட்டி டெக்வினை ப்ரின்மோரோட கடா முட்டிச் சாச்சிடுச்சாம். காறை எலும்பு ரெண்டு துண்டு."

எத்தனை தடவை முட்டியது என்று கேட்டேன். காலையில் ஒரு தடவை என்றுதான் சொன்னார்களாம், மத்தியானத்துக்குள் இரண்டாகிவிட்டதாம். சாயங்காலம் மருந்துக்கடையில் நான் கேட்டபோது, கடா இருபதடி பின்னால் போய், தலையைத் தாழ்த்தி, ஓடிவந்து முட்டியிருந்தது. டெக்வின் அப்போது குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தாராம்.

நான் நம்பவில்லை. அந்தக் கடாவை எனக்குத் தெரியும். பெயர் கர்னல். வயது ஏழு. நடைபாதையில் போகிறவர்கள் நீட்டும் உருளைக்கிழங்கு வறுவலை, கையை நனைக்காமல் உதட்டால் எடுத்துக்கொள்ளும் பிரபு அவர். படுத்திருந்தால் எழுந்திருப்பதா வேண்டாமா என்று கால் மணி நேரம் யோசிப்பார். அப்படியே அவருக்குக் கோபம் வந்திருந்தாலும், கடா முட்ட வேண்டுமானால் ஆள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். டெக்வின் ஐம்பத்தேழு வருஷத்தில் எங்கேயாவது நின்றதாகத் தகவல் இல்லை.

வேல்ஸில் எங்கள் பக்கம் பெயரோடு தொழிலையும் ஒட்டிவிடுவது வழக்கம். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் வேறென்ன செய்வது? ப்ரின்மோர் இறைச்சிக்கடை வைத்திருப்பதால் கசாப்பு ப்ரின்மோர். அவருடைய அப்பாவும் கசாப்பு, தாத்தாவும் கசாப்பு. டெக்வினுக்கு மட்டும் பெயர் தங்கவில்லை. பதினேழு வயதில், கூரைக்குப் போடும் பலகைக்கல் எடுக்கிற குவாரியில் சேர்ந்து குவாரி டெக்வின் ஆனார். கல்லைப் பிளந்து அடுக்குகிறவன் நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று தெரிந்ததும் ஓடிவந்துவிட்டார். பிறகு தபால் டெக்வின், பஸ் டெக்வின், கூரை டெக்வின், கொஞ்ச காலம் தேனீ டெக்வின். பஸ் வேலையைவிட்டு நின்ற காரணத்தை அவரே சொன்னார்: அந்த பஸ் தினமும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்ததாம். இன்றைக்கும் ஊரில் யார் அவரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்து, அவரோடு எந்த வருஷம் பேச்சு நின்றது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அவருக்குக் கடைசியாக ஒட்டிய பெயர் மம்மட்டி. பதினொரு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஊருக்கே ஆச்சரியம். காட்டுக் கம்பெனி சைக்கிள் தடம் போட்டபோது, சனிக்கிழமைகளில் சும்மா வந்து மண் வெட்டித் தருகிறவர்கள் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். டெக்வின் போனார். அங்கே ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார். சனிக்கிழமை போட்ட தடத்தைத் திங்கட்கிழமை மழை தின்றுவிடும். செவ்வாய்க்கிழமை மறுபடி போடலாம். முடியவே முடியாத வேலை. முப்பது வருஷமாக அவர் தேடியது இதைத்தான் போலிருக்கிறது.

தடத்தோரம் நெடுக எண் போட்ட கம்பங்கள் நட்டிருக்கிறார்கள்; அந்தத் தடத்தில் மழை தின்னாத ஒரே பொருள் பதினாலாம் கம்பத்தின் பக்கத்தில் இருக்கிறது. பழைய குவாரிக் குப்பையிலிருந்து டெக்வின் கடப்பாரை போட்டு நெம்பி, மரக்கட்டைமேல் உருட்டி, இரண்டு குளிர்காலம் எடுத்துக்கொண்டு நிறுத்திய கல்படி. மார்பு உயரம். மேலே தட்டை, முன்பக்கம் செங்குத்து. சைக்கிளோடு மேலே வந்து அப்படியே காற்றில் இறங்க வேண்டியதுதான். சேப்பலில் பாதிரியார் நிற்கிற மேடை மாதிரியே இருப்பதால் அதற்குப் பிரசங்கமேடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் இறங்கத் தயங்குகிறவர்களிடம் டெக்வின் சொல்லும் உபதேசம் ஒன்றுதான்: "ஏறினா சுருக்கமாப் பேசிட்டு இறங்கிடணும். நீட்டினவன் விழுவான்." சிறுவயதில் ஒரு பிரசங்கத்தைக்கூட முழுசாக உட்கார்ந்து கேட்காத மனிதர், லிவர்பூலிலிருந்தும் பர்மிங்காமிலிருந்தும் ஆட்கள் கார் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஒரு மேடைக்காக வருவதை ஓரமாக நின்று பார்ப்பார். நின்று என்று சொன்னேனா? நடந்துகொண்டே பார்ப்பார்.

இப்போது வினையான சங்கதிக்கு வருகிறேன். காட்டுக் கம்பெனியின் காப்பீட்டுக்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குள் ஒரே கம்பத்தருகே, தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு மூன்று பேருக்கு அடிபட்டால், அங்கே இருக்கிறது எதுவானாலும் பொக்லைன் வந்து பெயர்த்துப் போட்டுவிடும். பதினாலாம் கம்பத்தில் மே மாதம் ஒரு பல் டாக்டர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஜூலையில் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்த மாப்பிள்ளை ஒருவர் கணுக்காலை உடைத்துக்கொண்டு, நொண்டியபடி மோதிரம் மாற்றினார். இரண்டையும் விபத்துப் புத்தகத்தில் எழுதியது டெக்வின். புத்தகம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. நேர்மையாக, நாள் நேரம் கம்பம் எல்லாம் போட்டு, அவரே எழுதினார். கம்பெனியின் தட அதிகாரி ஆலெட், இருபத்தாறு வயது, ஆகஸ்டில் ஒரு கடிதம் அனுப்பினார்: இன்னும் ஒன்று, அவ்வளவுதான்.

க்வெண்டாவின் சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் கணக்கு என் மண்டையில் ஓடியதால்தான் விசாரிக்கக் கிளம்பினேன். அடுத்தவர் எலும்பு எங்கே உடைந்தது என்று தெரிந்துகொள்வதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில் இல்லை.

முதலில் மலை மீட்புக் குழுவின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். யாரையாவது காப்பாற்றினால் படம் போடுவார்கள். ஏழு பேரும் சிவப்புச் சட்டையில் வரிசையாக நிற்க, நடுவில் ஸ்ட்ரெச்சரில் டெக்வின், வலதுகை மார்பில் கட்டப்பட்டு. ஏழு பேரில் ஒருவர் ப்ரின்மோர். தன் வயலில், தன் கடாவால் அடிபட்டதாகச் சொல்லப்படும் மனிதரைத் தானே தூக்கவேண்டிய நிலைமை. அவர் முகம் படத்தில் பல்வலி வந்தவர் மாதிரி இருந்தது. டெக்வினின் வலதுகையில் நீலக் கையுறை இருந்தது. இடதுகையில் இல்லை.

இதை மனசில் முடிந்துகொண்டு வயலுக்குப் போனேன். கர்னல் கதவோரமாகப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து, எழுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் கம்பெனி நிலம், இந்தப் பக்கம் ப்ரின்மோர் நிலம். கதவைத் திறந்து ஏறினால் நானூறு அடி தள்ளிப் பதினாலாம் கம்பம். ஏறினேன். சேற்றில் சைக்கிள் தடம் ஒன்று மேலேயிருந்து இறங்கி வந்திருந்தது. ஓட்டி வந்த தடம் நேராக இருக்கும். இது குடித்தவன் கையெழுத்து மாதிரி இருந்தது. பக்கத்தில் பூட்ஸ் குறி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கியிருக்கிறார், ஒரு கையால்.

பிரசங்கமேடை அதன் இடத்தில் ஒன்றும் அறியாததுபோல நின்றது. அதற்கு இடப்பக்கம் ஒரு வடிகால். சுற்றிலும் எல்லா வடிகாலும் இலையும் சகதியுமாக அடைத்துக் கிடக்க, அது ஒன்று மட்டும் கழுவிவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. தூர்வாரிய குப்பை ஓரத்தில் ஒரு பிடி, அதன்மேல் ஒரு பிஸ்கட் உறை, அதற்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு இடதுகைக் கையுறை.

டெக்வின் வீட்டில் அவர் மனைவி நெஸ்டாதான் கதவைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் சமையல் பொறுப்பில் இருப்பவர், பேச்சில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

"வா வா. புலியைக் கூண்டுல போட்டிருக்கு, வந்து பாரு. ஆறு வாரம் அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சமையலறையைச் சுத்திச் சுத்தி என் தரையில ஒரு தடம் போட்டுட்டான்."

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி. மூன்றில் மெத்தை நசுங்கி, ஓரம் பிரிந்து, நூல் தொங்கியது. நாலாவது கடையிலிருந்து நேற்று வந்தது மாதிரி பளபளத்தது. நாலும் ஒரே நாளில் வாங்கியவைதான், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். அந்த நாலாவது அவருடையது.

டெக்வின் மேஜையைச் சுற்றிக்கொண்டிருந்தார். வலதுகை தொங்கலில். கடா எப்படி முட்டியது என்று கேட்டேன். பக்கவாட்டில் என்றார். அடுத்த சுற்றில் பின்பக்கம் என்றார். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கட்டும் என்று காத்திருந்து, கையுறையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

டெக்வின் நின்றார். அது நான் பார்த்த முதல் தடவை.

நெஸ்டா கையுறையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார். "இது வண்டியிலேயே விழுந்துடுச்சுன்னு சொன்னியே?"

பிறகு கதை வந்தது, நடந்துகொண்டே வந்தது. வியாழக்கிழமைகளில் அவர் தடம் முழுவதையும் சைக்கிளில் சுற்றிச் சரிபார்ப்பது வழக்கம். அன்றைக்கு மழை நின்று அரைமணி நேரம். பிரசங்கமேடையில் அவர் அறுநூறு தடவையாவது இறங்கியிருப்பார். முன்சக்கரம் கல்லைவிட்டு வெளியே போய்விட்டது, பின்சக்கரம் இன்னும் கல்மேல். அந்த நேரத்தில், இடப்பக்கம் வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் தடத்தின் குறுக்கே ஓடுவது கண்ணில் பட்டிருக்கிறது. சைக்கிளுக்குக் கண் போகிற பக்கம்தான் வழி. பத்து வருஷமாகக் குழந்தை குட்டிக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது அவரேதான். அவர் வடிகாலைப் பார்த்தார். சைக்கிள் வடிகாலுக்குப் போனது. தடத்தில் வருகிற எவனும் அந்த நேரத்தில் எதிரே இருக்கிற மண்ணைப் பார்ப்பான், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்வான். சாக்கடையைப் பார்த்து விழ அதை வெட்டினவனால்தான் முடியும்.

காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடித்தது மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். மல்லாந்து கிடந்தபோது வந்த முதல் நினைப்பு, மூன்று. இரண்டாவது நினைப்பு, தண்ணீர் இன்னும் குறுக்கே ஓடுகிறது என்பது. உருண்டு போய், பல்லால் கடித்து இடதுகைக் கையுறையைக் கழற்றி, அடைப்பை விரலால் தோண்டி எடுத்தார். தண்ணீர் வழிக்கு வந்தது. அதற்கப்புறம்தான் வலி வந்ததாம்.

"வலி வந்தப்புறம் போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றார் நெஸ்டா.

"அங்கேருந்து பண்ணினா பதினாலாம் கம்பம்னு ஆயிடும்."

ஆகையால் ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நானூறு அடியை முக்கால் மணி நேரத்தில் இறங்கி, இரும்புக் கதவைத் திறந்து, ப்ரின்மோரின் வயலுக்குள் வந்து விழுந்தார். விழுவதற்கு முன் கதவைத் திருப்பிச் சாத்தித் தாழ் போட்டார். எலும்பு உடைந்தாலும் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போக எங்கள் ஊரில் அனுமதி இல்லை. அவசர எண்ணில் பேசிய பெண், எங்கே இருக்கிறீர்கள் என்றாள். வயலில் என்றார். என்ன ஆச்சு என்றாள். இதற்குப் பதில் தயாரித்துக்கொண்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கர்னல் நின்று அவருடைய வெறுங்கையை நக்கிக்கொண்டிருக்கிறார். உருளைக்கிழங்கு வறுவல் இருக்குமோ என்ற ஆசை. டெக்வின் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: கடா.

அந்த ஒரு வார்த்தைதான் மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் இருபதடி ஓடிவந்தது.

நெஸ்டா தேநீர் ஊற்றினார். பாலை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார். "ஒரு கல்லுக்காக" என்றார். டெக்வின் ஜன்னலுக்குப் போனார், கதவுக்குப் போனார், திரும்பி வந்தார். குவாரிக் கல் ஒன்றையும் அவர் பிளந்து முடித்ததில்லை, தபால் பாதையை முடித்ததில்லை, தேனீக்கள்கூட அவரைவிட்டுத்தான் பறந்து போயின. நிறுத்தி வைத்ததென்று அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். இதை அவர் சொல்லவில்லை, அவர் சொல்லியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் ப்ரின்மோர் உள்ளே வந்தார், கதவைத் தட்டாமல், கையில் ஒரு கடிதத்தோடு. ஊர் மன்றத்திலிருந்து. பொதுநடைபாதை உள்ள நிலத்தில் ஆபத்தான விலங்கு இருப்பதாகத் தெரியவருகிறதாம். மாத முடிவுக்குள் அப்புறப்படுத்த வேண்டுமாம். ப்ரின்மோருக்கு வேலி போட்ட வயல் வேறு கிடையாது. அக்டோபர் கடைசியில் கடாவை முப்பத்தெட்டு ஆடுகளோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வசந்தத்தில் குட்டி இல்லை. ஆபத்தானது என்று பெயர் வாங்கிய கடாவைச் சந்தையில் யாரும் வாங்கவும் மாட்டார்கள். கசாப்புக்கடைக்காரர் வளர்க்கும் கடாவுக்கு அதற்கப்புறம் என்ன வழி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"டேய் டெக்" என்றார் ப்ரின்மோர். அவர் உட்காரவில்லை. "உன் பூட்ஸுல செம்மண்ணு இருந்துச்சு. என் வயல்ல செம்மண்ணு எங்கடா இருக்கு? அன்னிக்கே தெரியும் எனக்கு. ஊர் நாலு நாள் சிரிக்கும், அப்புறம் மறந்துடும்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

"நான் மன்றத்துல பேசுறேன்."

"என்னன்னு பேசுவ? முட்டுச்சு, ஆனா மெதுவா முட்டுச்சுன்னா?"

நெஸ்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். டெக்வின் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"உன் கல்லுக்காகப் பேச லிவர்பூல்லேருந்து ஆள் வருவான்" என்றார் ப்ரின்மோர். "என் கடாவுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன். அவனும் உன் சிநேகிதனாப் போயிட்டான்."

கடிதத்தைக் கையுறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டுத்தான்.

அடுத்த மூன்று நாள் டெக்வின் வீட்டுத் தெருவில் இருக்கிறவர்களுக்கு நிம்மதி இல்லை. காலை ஆறு மணிக்குக் குப்பைத் தொட்டிகளை வரிசைப்படுத்தினார். எதிர்வீட்டுக் கூரையில் நழுவிய பலகைக்கல் எத்தனை என்று எண்ணி, கேட்காமலே போய்ச் சொன்னார். நூலகத்தில் புத்தகம் எடுத்து, பாதி வழியிலேயே திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டார். ஒரு தடவை காடு வரைக்கும் நடந்து, இரும்புக் கதவில் இடதுகையை வைத்துக்கொண்டு நின்றாராம். கர்னல் எழுந்து அவரிடம் வந்தாராம், யோசிக்காமலே. இதைச் சொன்னது க்வெண்டா, ஆகையால் பாதி தள்ளிக்கொள்ளலாம். கர்னல் யோசிக்காமல் எழுந்தார் என்பதை நான் முழுசாகத் தள்ளுகிறேன்.

நாலாம் நாள் காலை காப்பிக்கடைக்கு வந்து, அலமாரியிலிருந்து விபத்துப் புத்தகத்தை எடுத்துக்கொடுக்கச் சொன்னார். நான் அங்கே இருந்தேன். இந்த வாரம் முழுக்க நான் அங்கேதான் இருந்தேன், சூப்புக்காக. இடதுகையால் பேனாவைப் பிடித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். எழுத்து நான்கு வரிக்குள் அடங்காமல் ஏறி இறங்கியது. கம்பம் பதினாலு. டெக்வின் ப்யூ. காறை எலும்பு. காரணம்: வடிகாலைப் பார்த்தேன். கடா காரணமில்லை. 'கடா' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

க்வெண்டா படித்துவிட்டு, முதல் தடவையாக, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பாத்திரம் கழுவினார்.

ஆலெட் மறுநாள் வந்தார், மடிக்கணினி, மஞ்சள் சட்டை, புத்தம்புது பூட்ஸ். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் வந்ததும் முதலில் கேட்டது கை எப்படி இருக்கிறது என்று. பிறகு புத்தகத்தை வாசித்தார், மறுபடி வாசித்தார். அந்தப் புத்தகத்தில் முன்பாதி வெள்ளைத் தாள், தடத்துக்கு வருகிறவர்களுக்கு. பின்பாதி பச்சைத் தாள், தடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு. பச்சைத் தாளில் பதினொரு வருஷத்தில் எழுதியிருந்தது ஒரே ஒரு குளவிக்கொட்டு.

"விழுறப்போ என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கேனே. வடிகாலைப் பார்த்தேன்."

"விழுந்ததுக்கப்புறம்?"

"அடைப்பை எடுத்தேன்."

"உடைஞ்ச எலும்போடயா?"

"அது வலதுகை. இதுக்கு இடதுகை போதும்."

ஆலெட் மடிக்கணினியை மூடினார். பிறகு வெள்ளைத் தாளில் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்து, புத்தகத்தைத் திருப்பிப் பச்சைத் தாளில் தன் கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார். வந்தவர்களுக்கு அடிபட்டால்தான் காப்பீட்டுக்காரர்களின் மூன்று. வேலை செய்தவருக்கு அடிபட்டால் அது வேறு இலாகா. கல்லைப் பெயர்க்க வேண்டாம். வேலை செய்தவரைத் திருத்தினால் போதும்.

க்வெண்டா கேட்காமலே அவருக்கு ஒரு கேக் துண்டு வைத்தார், பெரிய துண்டாக.

திருத்துவது எப்படி என்று இரண்டாம் பக்கத்தில் அச்சடித்திருந்தது. வேலையில் இருக்கிறவர்கள் தடத்தில் சைக்கிள் ஏறக் கூடாது. நடந்துதான் பார்க்க வேண்டும், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு. மேடுபள்ளத்தில் நடப்பது எப்படி என்று ஒருநாள் வகுப்பும் உண்டு. ஆலெட் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"இதுல ஒரு கட்டம் நிரப்பணும். வேலை இல்லாத நேரத்துல நீங்க வழக்கம்போல ஓட்டலாம், அதுக்குத் தடை இல்லை. வாரத்துல எந்தெந்த நேரம் நீங்க வேலையில இல்லை?"

கவுண்டருக்குப் பின்னாலிருந்து க்வெண்டா வாயசைத்தார்: ஞாயிறு, ஞாயிறு. நான்கூட அதையே சொல்ல வாயெடுத்தேன். டெக்வின் எங்கள் இருவரையும் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தடத்தைப் பார்த்தார். அவர் கண் எங்கே போனது என்று நானும் பார்த்தேன். முதல் வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"அப்படி ஒரு நேரம் இல்ல தம்பி" என்றார். "பொய் சொல்லிப் பார்த்தாச்சு. ஒரு வருஷத்துக்கு அது போதும்."

ஆலெட் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

ஆக, பிரசங்கமேடை நிற்கிறது. வண்டி வண்டியாக வருகிறார்கள், இறங்குகிறார்கள். அதில் இறங்கக் கூடாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான், அதை நிறுத்தியவர். வியாழக்கிழமைகளில் மஞ்சள் சட்டையோடு நடந்து போகிறார். கை சேர்ந்துவிட்டது. மேடுபள்ளத்தில் நடக்கும் வகுப்பில் அவர் நிற்காமல் நடந்துகொண்டேயிருந்ததால் சான்றிதழ் உடனே கொடுத்துவிட்டார்களாம். கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நடை மட்டும் கொஞ்சம் வேகமாகும். மன்றம் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கர்னல் முப்பத்தெட்டு ஆடுகளோடும் குறைவில்லாமல் இருந்துவிட்டு, இப்போது ஓய்வில். மருந்துக்கடையில் மட்டும் கடாதான் முட்டியது என்று இன்றும் நம்புகிறார்கள். அங்கே நான் திருத்தப் போனேன். கடா இல்லை, சாக்கடையைப் பார்த்து விழுந்தார் என்றேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இதில் தீராமல் நிற்பது ஒன்று இருக்கிறது. மலை மீட்புக் குழுவினர் காசு வாங்க மாட்டார்கள். தூக்கிவந்தவர்களுக்கு, தூக்கப்பட்டவர் தேநீரில் ஊறின உலர்திராட்சை போட்ட பாரா ப்ரித் ரொட்டி ஒன்று செய்து, புதன்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எழுதாத சட்டம். பல் டாக்டர்கூடத் தபாலில் அனுப்பிவிட்டார். நெஸ்டா கைவிரித்துவிட்டார். "விழுந்தது நானில்ல, பொய் சொன்னதும் நானில்ல. அடுப்பு அதோ இருக்கு."

திராட்சையை ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும். முதல் தடவை டெக்வின் இருபது நிமிஷம் ஊறவைத்தார். சரளைக்கல் மாதிரி வந்தது. இரண்டாவது தடவை ஊறினது நன்றாக ஊறியது, ஆனால் வெந்துவிட்டதா என்று ஒன்பது தடவை அடுப்பைத் திறந்து பார்த்ததில் நடுவில் குழி விழுந்துவிட்டது. மூன்றாவது கருகியது, அவர் அப்போது பக்கத்து வீட்டுக்காரரின் மழைநீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரின்மோர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், காதில் விழும்படி, ஏழு பேர் பசியோடு இருக்கிறோம், எட்டாவது கர்னல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதை எழுதும் புதன்கிழமை மூன்று மணிக்கு நான் டெக்வின் வீட்டு வழியாக வந்தேன். நாலாவது ரொட்டி அடுப்பில் இருந்தது, வாசனை தெருவரைக்கும் வந்தது. இன்னும் ஐம்பது நிமிஷம் என்று கடிகாரம் வைத்திருந்தார். அவர் தன் பளபளத்த நாற்காலியை அடுப்புக்கு எதிரே இழுத்துப் போட்டிருந்தார், ஒருமுறை உட்கார்ந்தே பார்த்துவிடுவது என்று.

மழை பிடித்துக்கொண்டது. இப்போது திரும்பி எட்டிப் பார்த்தால் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, காலியாக. மஞ்சள் சட்டையை ஆணியில் காணோம்.